ஒரு பக்கம் மட்டும் வெள்ளையடித்த பள்ளிக்கூடம்

நம் கட்டடத் திணைக்களத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி எதையாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். சீமெந்து எப்படிக் கலப்பது, கம்பி எப்படிக் கட்டுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் கட்டிய கட்டடங்களை நீங்களே போய்ப் பார்த்துக் குறை சொல்லிக்கொள்ளலாம். ஆகவே நான் கட்டாமல் விட்ட ஒரு மாடியைப் பற்றி எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். முல்லைத்தீவுக் கரையில் ஒரு மீனவக் கிராமம். கொக்கிளாய்க்குக் கிட்டவா எட்டவா என்று கேட்காதீர்கள். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். வயதாகி மறந்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். அந்தப் பாதையில் எங்கள் ஜீப் மணலில் புதைந்த இடங்கள்கூட எனக்கு நினைவிருக்கின்றன. சொல்லாததற்குக் காரணம் உண்டு, வாசித்து முடிக்கும்போது உங்களுக்கே விளங்கும்.

அங்கே பழைய பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. ஒரு காலத்தில் கத்தோலிக்கச் சுவாமிமார் கட்டியது, பிறகு அரசாங்கத்தின் கைக்கு வந்தது. நீளமான ஒரே மண்டபம், தடித்த சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த ஓட்டுக் கூரை. கடலைப் பார்த்த பக்கத்தில், கூரையின் முகடுவரை எழும்பிய ஒரு முக்கோணச் சுவர். எல்லா வகுப்பும் அந்த மண்டபத்துக்குள்தான். இடம் போதாமல் பாலர் வகுப்பைப் பக்கத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில் வைத்திருந்தார்கள். மழை வந்தால் கொட்டில் ஒழுகும், பாலர்கள் மண்டபத்துக்குள் ஓடிவருவார்கள், அதற்குப் பிறகு அங்கே யார் எதைப் படிப்பிக்கிறார் என்று யாருக்கும் விளங்காது.

தலைமையாசிரியையை ஊர் முழுவதும் ‘பெரிய ரீச்சர்’ என்றுதான் அழைத்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து, அங்கேயே நிலைத்துவிட்டவர். கறுப்புக் குடையும் கையுமாக அவர் வெளிக்கிட்டால் தெருநாய்கூட எழுந்து வழி விடும். புதுக் கட்டடம் ஒன்று போட நான் போன முதல் நாளே என்னைக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஓலைக் கூரையில் இருந்த ஓட்டைகளைக் குடை நுனியால் ஒவ்வொன்றாகச் சுட்டிக் காட்டினார்.

“தம்பி, இந்த மாரிக்கு முதல் அத்திவாரம் போடாட்டில் கட்டடம் வேறை ஊருக்குப் போயிடும் எண்டு சொல்லிப்போட்டினம். பிறகு இந்தக் குஞ்சுகளை நான் எங்கை கொண்டுபோய் இருத்திறது? உங்கடை தலையிலையோ?”

“அப்பிடி விடமாட்டன் ரீச்சர்,” என்றேன். கொழும்பில் படித்துவிட்டு வந்த புதிது. எதையும் விடமாட்டேன் என்று சொல்லும் வயது.

என் கையில் வரைபடம் தயாராக இருந்தது. இரண்டு மாடி, தட்டையான கொங்கிறீட் கூரை, வெயில் தடுக்க நெடுக்கான பலகைகள், காற்றுக்கு ஓட்டைக் கற்கள். ஓட்டுக் கூரையைக் கண்டாலே அந்தக் காலத்தில் எனக்கு முகம் சுளிக்கும். கட்டடத்தை வைக்க இடம் ஒன்றுதான் இருந்தது. வடக்கே வேதக் கோயில் வளவு, மேற்கே தெரு. தெற்கே அந்தோனிப்பிள்ளை சம்மாட்டியார் வலை காயப்போடும் நிலம். மூன்று வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான அவர், பெரிய ரீச்சர் எத்தனையோ வருடம் கேட்டும் அதில் ஒரு சாண்கூடக் கொடுக்கவில்லை. மிச்சம் கடற்பக்கம். அது எனக்கும் பிடித்துப்போயிற்று. அந்தப் பழைய முக்கோணச் சுவரை என் கட்டடம் முழுவதாக மறைத்துவிடும், கடல் வழியாக வருகிற எவர் கண்ணிலும் முதலில் படுவது என் மாடியாகத்தான் இருக்கும். கடல் வழியாக யார் வரப்போகிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. பள்ளிக்கூடத்தின் மூன்று பக்கச் சுவரும் பாசி பிடித்துக் கறுத்துக் கிடந்தன. கடற்பக்கச் சுவர் மட்டும் கண் கூசுகிற வெள்ளை.

“வருசா வருசம் ஊர் ஆம்பிளையள் தாங்களாவே வந்து அடிச்சிட்டுப் போவினம் தம்பி. நான் கேக்கிறதேயில்லை,” என்றார் ரீச்சர். “மற்றப் பக்கமும் அடியுங்கோவன் எண்டு கேட்டால், சுண்ணாம்பு முடிஞ்சு போச்சாம்.”

கல்வியில் பற்றுள்ள ஊர், கொஞ்சம் பஞ்சி பிடித்த, சோம்பல் ஊர் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

மண்டபத்தில் கூட்டம் வைத்தோம். வரைபடத்தை வாங்குப் பலகையில் விரித்து விளக்கினேன். ஆண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். சம்மாட்டியார் முன்வரிசையில் கதிரையில் இருந்தார். “நல்ல வடிவு,” என்றார். “நல்ல வடிவு, நல்ல வடிவு,” என்றது ஊர். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது சொல்கிறேன், ஒரு கூட்டத்தில் ஒரு கேள்வியும் வராவிட்டால் நீங்கள் பயப்படவேண்டும்.

நான் சுவாமியார் இருக்கும் கோயில் வீட்டு விறாந்தையில் தங்கியிருந்தேன். மறுநாள் காலை தேநீர் ஆறுமுன் சம்மாட்டியார் வந்தார், தனியாக.

“தம்பி, மாடி நல்ல மாடி. ஆனால் நீர் காட்டின இடத்திலை முந்தி ஒரு கிணறு இருந்தது. தூர்த்துப்போட்டம். பாரம் ஏத்தினால் இறங்கும். வடக்காலை கொஞ்சம் தள்ளிப் போடும்.”

அவர் படலையைத் தாண்டியதும் சூசைமுத்து வந்தார். சம்மாட்டியார் போகும்வரை வேலிக்குப் பின்னால் காத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். நெடிய மனிதர், ஒற்றை வள்ளக்காரர்.

“ஐயா, வடக்காலை மட்டும் தள்ளிப்போடாதேங்கோ. தெற்காலை தள்ளுங்கோ.”

“ஏன்?”

“வடக்காலை பாம்பு.”

மத்தியானம் பேதுரு வந்தார். என் வயதுதான் இருக்கும். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டு நின்றார்.

“இடம் உதிலையே இருக்கட்டும் ஐயா. மாடிதான் கூடாது. மேலையிருந்து கடலைப் பாத்துக்கொண்டிருந்தால் பிள்ளையளுக்குப் பாடம் ஏறாது.”

“இப்பவும் கடல் தெரியுதுதானே?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “கீழையிருந்து தெரியிறது வேறை கடல் ஐயா.”

அடுத்தடுத்த நாட்களில் இன்னும் சிலர் வந்தார்கள். எல்லோரும் தனித்தனியாக. எவர் சொன்ன காரணமும் மற்றவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றையும் கேட்டு நடந்தால் கட்டடத்தைக் கடலுக்குள்தான் கட்டவேண்டும். கிணற்றையாவது பார்த்துவிடுவோம் என்று ஆட்களை வைத்துத் தோண்டினேன். அருமையான, இறுகிய மணல். கிணறும் இல்லை, கிணறு இருந்த அடையாளமும் இல்லை. சம்மாட்டியார் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

“அப்ப அது இன்னும் ஆழத்திலை கிடக்கு,” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. புதுமை பிடிக்காத சனங்கள் என்று வாய்விட்டே திட்டினேன். பிறகு, பாவம், வரைபடம் வாசிக்கத் தெரியாததால் பயப்படுகிறார்கள், கண்ணால் கண்டால் பிடித்துப்போகும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கமுக மரங்களை நட்டு, கட்டடம் வரப்போகும் அதே அகலத்துக்கும் உயரத்துக்கும் தென்னோலைக் கிடுகுகளைக் கட்டுவித்தேன். மாலையில் தூரத்தில் நின்று பார்த்தேன். கிடுகில்கூட என் மாடி கம்பீரமாகத்தான் இருந்தது.

மறுநாள் வள்ளங்கள் கடலுக்குப் போயின. திரும்பி வரும் நேரத்தில் கரையில் எப்போதும் ஒரே ஆரவாரமாக இருக்கும். பெண்கள் கூடையோடு நிற்பார்கள், விலை பேசுவார்கள், காகங்கள் தலைக்கு மேலால் பறக்கும். அன்று சத்தமே இல்லை. எல்லாக் கூடையிலும் அடி தெரிந்தது.

“என்ன நடந்தது?” என்று சூசைமுத்துவைக் கேட்டேன்.

“நீரோட்டம் சரியில்லை ஐயா.”

பேதுருவுக்குக் காய்ச்சல் வரும்போல இருந்ததாம். சம்மாட்டியாரைக் கேட்டேன். “மீனுக்கும் ஏதோ விசேசம் போலை,” என்றார். அதற்குப் பிறகு ஆண்கள் எல்லோரும் மணலில் இருந்தார்கள். கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என் கிடுகு மாடியைப் பார்த்தபடி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அடுத்த நாளும் அப்படியே. கோயில் வீட்டில் எங்களுக்குப் பருப்பும் சோறும்தான். “கட்டடம் தொடங்க முதலே எங்களுக்குத் தவசுகாலம் தொடங்கியிட்டுது,” என்றார் சுவாமியார். இந்தச் சோர்வுக்கும் என் கிடுகுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று அப்போதும் எனக்குப் படவில்லை. கடலில் மீன் இல்லாததற்குக் கட்டடக் கலைஞன் என்ன செய்வான்?

எனக்கு வேறு ஆசை ஒன்று வந்திருந்தது. கடலிலிருந்து பார்த்தால் என் மாடி எப்படித் தெரியும் என்று பார்க்கவேண்டும். வள்ளத்தில் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஒவ்வொருவராகக் கேட்டேன். கடல் கூடாது என்றார்கள். கடலோ கழுவிக் கவிழ்த்த தட்டுப்போலக் கிடந்தது. கடைசியில் பேதுருதான் மனமில்லாமல் சம்மதித்தார். என்னை வள்ளத்தில், கரைக்கு முதுகு காட்டி இருத்தினார்.

“அங்காலை பாத்துக்கொண்டு இருங்கோ ஐயா. கரையைப் பாத்தால் தலை சுத்தும்.”

நான் கேள்விப்பட்டது நேர்மாறாக. இருந்தாலும் சொன்னபடி இருந்தேன். கனதூரம் போனபிறகு அவர் துடுப்பை நிறுத்தினார். வள்ளத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பினார், பிறகு அந்தப் பக்கம், பிறகு பின்னுக்கு. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். நான் திரும்பிப் பார்த்தேன்.

கரை முழுவதும் மணலும் தென்னையும், மணலும் தென்னையும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே மாதிரி. நடுவில் என் கிடுகுகள், அந்தத் தென்னைகளின் நிறத்திலேயே, ஒன்றுக்கும் உதவாமல் நின்றன. பேதுருவின் கண்கள் கரையில் அங்குமிங்கும் ஓடின. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்ட தகப்பனின் முகம் அது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிலத்தில் நேர்கோடு பிடிக்க நாம் என்ன செய்கிறோம்? இரண்டு கம்புகளை நட்டு, ஒன்று மற்றதை மறைக்கும்வரை நகர்கிறோம். இவரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். வெள்ளை முக்கோணத்தின் உச்சி ஒரு கம்பு. அதற்குப் பின்னால், தெருவுக்கு அப்பால் நின்ற தனிப்பனை மற்றக் கம்பு. இரண்டும் ஒரே கோட்டில் வருமிடத்தில் கடலுக்கடியில் ஒரு பார் இருக்கிறது. கல்மேட்டைத்தான் பார் என்பார்கள், மீன் கூடுவது அதில்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு பார், ஒரு குறி. ஒருவருக்கு உச்சியும் பனையும் என்றால் மற்றவருக்குச் சுவரின் ஓரமும் கோயில் மணிக்கூண்டும். தகப்பன் மகனுக்கு வள்ளத்தில் வைத்துக் காட்டுவான். கூடப்பிறந்தவனுக்கும் சொல்லமாட்டான், மனைவிக்கும் சொல்லமாட்டான். ‘சுவரை மறைக்காதே’ என்று கூட்டத்தில் எழும்பிச் சொன்னால் குறியில் பாதியை ஊருக்கே சொன்னதாகிவிடும். அதனால்தான் கிணறு, பாம்பு, வேறை கடல். அதனால்தான் வருடா வருடம் எல்லோரும் ஒன்றாகக் கூடி ஒரே சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தின் மேல் உள்ள பாசம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

என்னால் சிரிப்பை அடக்கமுடியவில்லை. பேதுரு சிரிக்கவில்லை.

“பேதுரு, உங்களுக்கு அந்த முகடு தெரியவேணும். அப்பிடித்தானே?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை ஐயா.”

“இல்லை, நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை.”

அவர் துடுப்பை எடுத்து வள்ளத்தைக் கரைப்பக்கம் திருப்பினார். “எனக்கு மூண்டு பிள்ளையள் ஐயா. கடைக்குட்டி கொட்டிலுக்கைதான் படிக்கிறாள். போன மாரியிலை நனைஞ்சு நனைஞ்சு நெஞ்சுச் சளி. எனக்குக் கட்டடமும் வேணும். ஆனால் பார் போனால் சோறு இல்லை.”

என் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு சுவரை ‘அசிங்கம்’ என்று நினைத்து மறைக்கப் பார்த்தவன் நான். வெட்கமாக இருந்தது.

கரைக்கு வந்ததும் வேலையைத் தொடங்கினேன். கூட்டம் வைக்க முடியாது. வைத்தால் மறுபடியும் ‘நல்ல வடிவு’தான் வரும். யாரிடமும் எதையும் கேட்கவும் முடியாது. ஆகவே முதலில் மேல்மாடிக் கிடுகுகளை இறக்கினேன். மறுநாள் பேதுருவின் கூடை நிறைந்தது. சூசைமுத்துவின் கூடை நிறையவில்லை. வடக்கு ஓரத்தைக் கொஞ்சம் உள்ளுக்கு இழுத்தேன். இப்படி நாளுக்கு ஒரு வரிசையாக இறக்குவதும், நகர்த்துவதும், காலையில் கரைக்குப் போய்க் கூடைகளை எட்டிப் பார்ப்பதுமாக இருந்தேன். மீனுக்கு அலைகிறான் என்று பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருநாள் காலை, காகங்கள் திரும்பி வந்தன. விலை பேசும் சத்தம் கோயில்வரை கேட்டது. சம்மாட்டியார் எனக்கு ஒரு பெரிய பாரை மீன் அனுப்பியிருந்தார், காரணம் ஒன்றும் சொல்லாமல். உடனே அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கிடுகின் உயரத்தை அளந்தேன். அந்தக் கட்டடத்தின் உயரத்தை நான் தீர்மானித்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தட்டைக் கூரை என்றபடியால்தான் அந்த உயரத்துக்குள் ஒரு கட்டடம் அடங்கியது. என் கொழும்புப் படிப்பு உதவியது அந்த ஓரிடத்தில்தான்.

ஆனால் மாடி போனதால் வகுப்பறைகள் பாதியாகிவிட்டன. பெரிய ரீச்சர் குடையோடு வந்தார்.

“மாடி எங்கை தம்பி?”

“மாடி இல்லாமல் பதிவாக் கட்டி, நீளத்தைக் கூட்டுவம் ரீச்சர்.”

“நீளத்துக்கு நிலம் எங்கை?”

நேரே சம்மாட்டியாரிடம் போனேன். “மாடி இல்லாட்டில் தெற்காலை நீளவேணும் ஐயா. உங்கடை வலை காயப்போடுற நிலம் வேணும்,” என்றேன்.

அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மாடி இல்லைத்தானே?”

“இல்லை.”

“எப்பவும்?”

“எனக்குத் தெரிஞ்சமட்டிலை இல்லை.”

“எடும்,” என்றார். அன்று மாலையே மற்றவர்கள், வலையை எங்கள் வளவில் காயப்போடலாம் என்று அவரிடம் முண்டியடித்துக்கொண்டு போனார்கள். ரீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். “இத்தனை வருசத்துக்குப் பிறகு இந்தச் சனத்துக்குக் கல்வியின்ரை அருமை விளங்கியிருக்கு தம்பி.”

“ஓம் ரீச்சர்,” என்றேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்த வேளையில் எங்கள் எஞ்சினியர் வந்து இறங்கினார். அவர் பெயர் வேண்டாம். கோபத்துக்குப் பேர் போனவர், கந்தோரில் அவர் செருமினால் பக்கத்து அறையில் பேனா நழுவும். மாரி மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. அத்திவாரத்துக்கு அவர் அன்றே கையெழுத்து வைக்காவிட்டால் அந்த வருடம் கட்டடம் இல்லை. ஊர் முழுவதும் சுற்றி நின்றது.

“மாடிக்கு அனுமதி எடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்ப ஏன் வேண்டாம் எண்டுறீர்?”

உண்மையைச் சொன்னால் அத்தனை பேரின் குறியும் அத்தனை பேர் முன்னாலும் உடையும். சொல்லாவிட்டால் பேதுருவின் கடைக்குட்டி இன்னொரு மாரி நனைவாள். சூசைமுத்து தரையைப் பார்த்தார். பேதுரு தலைப்பாகையைக் கழற்றினார். என் வாய் தானாகத் திறந்தது.

“இதிலை ஒரு பழைய கிணறு இருக்கு ஐயா.”

எஞ்சினியர் நான் தோண்டுவித்த குழியைப் பார்த்தார். “இதுக்குள்ளை காணேல்லையே?”

“அது இன்னும் ஆழத்திலை ஐயா,” என்றார் சம்மாட்டியார்.

“கொஞ்சம் தெற்காலை,” என்றார் சூசைமுத்து.

“நானே அதிலை தண்ணி குடிச்சிருக்கிறன்,” என்றார் பேதுரு.

“கிணறோ?” என்று பெரிய ரீச்சர் முன்னுக்கு வந்தார். கிணற்றுக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. “நான் வந்த காலந்தொட்டு இதிலை—” என்று தொடங்கியவர், வரிசையாக நின்ற முகங்களைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கொட்டிலைப் பார்த்தார். “—இதிலை எந்தப் பிள்ளை விழுந்திடுமோ எண்டு எனக்கு ஒரே பயம்,” என்று முடித்தார். தூர்த்த கிணற்றில் எப்படி விழுவது என்று யாரும் கேட்கவில்லை.

எஞ்சினியர் பழைய கட்டடத்தைச் சுற்றி நடந்தார். நான் பின்னால் நடந்தேன். பாசி, பாசி, பாசி, வெள்ளை. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று அண்ணாந்து முகட்டைப் பார்த்தார். பிறகு கடலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றார். வந்து கையெழுத்து வைத்தார்.

ஜீப்பில் ஏறியபிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டார். “எங்கடை ஊர்க் கரையிலையும் கோயிற் கோபுரத்துக்கு முன்னாலை இப்பிடி ஒரு கிணறு இருந்தது. எங்கடை அப்பு அடிக்கடி சொல்லுவார். ஒருத்தரும் கண்டதில்லை,” என்று சொல்லிவிட்டு, சாரதியைப் பார்த்து ‘எடு’ என்றார். அவர் ஊர் எது என்று அன்றுவரை நான் கேட்டதில்லை. பிறகும் கேட்கவில்லை.

நாம் படித்தவர்கள். யாராவது ஒரு காரணம் சொன்னால் அது சரியா பிழையா என்று தோண்டிப் பார்த்து, பிழை என்று கண்டதும் வெற்றி பெற்றதாக நினைத்துவிடுகிறோம். அந்த ஊரில் எனக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் எல்லாம் பொய். ‘வேண்டாம்’ என்பது மட்டும் உண்மை. புத்தியுள்ள மனிதர்கள் மடத்தனமான காரணத்தோடு உங்களிடம் வந்தால், கொஞ்சம் பொறுங்கள், அவர்கள் எந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று பாருங்கள்.

அடுத்த மாரியில் ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். நல்ல மழை. பாலர் வகுப்பு புதுக் கட்டடத்துக்குள் ஆனா, ஆவன்னா என்று கத்திக்கொண்டிருந்தது. தட்டைக் கூரை ஒரு மூலையில் ஒழுகத்தான் செய்தது. ரீச்சர் அங்கே ஒரு வாளியை வைத்து, என்னைக் கண்டதும் குடை நுனியால் அதைக் காட்டினார். ஆனால் நனைந்த பிள்ளை ஒன்றும் இல்லை. எத்தனையோ பெரிய கட்டடங்களுக்குத் திறப்பு விழா பார்த்திருக்கிறேன். அன்று அந்த வாளிக்குப் பக்கத்தில் நின்றபோது வந்த சந்தோஷம் பிறகு வந்ததில்லை.

இப்போது அங்கே பிள்ளைகள் கூடிவிட்டார்களாம், மேலே மாடி ஒன்று போடலாம் என்று கதை அடிபடுகிறது. உங்களில் ஒருவரிடம்தான் அந்த வேலை வரும். ஊரின் பெயர் தெரியாமல் எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? பழைய மண்டபத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். மூன்று பக்கம் பாசியும் ஒரு பக்கம் வெள்ளையுமாக இருந்தால் அதுதான். அங்கே மாடி கூடாது. கீழே ஒரு பழைய கிணறு இருக்கிறது. நானே அதில் தண்ணீர் குடித்திருக்கிறேன்.